டிரையர் சூடாகவில்லையா? முதலில் காற்று போகிற வழியைப் பாருங்கள்

டிரையர் ஓடுகிறது, டிரம் சுற்றுகிறது, விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிகின்றன. ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால் போட்ட துணி போட்டபடியே ஈரமாகக் கிடக்கிறது. டிரையர் பழுது என்று என்னிடம் யார் பேச வந்தாலும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குவார்கள், அடுத்த வரியே "எந்த பார்ட் போயிருக்கும்?" என்ற கேள்வியாக இருக்கும். அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடக் கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டு டிரையரிலும் இதுதான் நடந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் தெர்மல் ஃபியூஸ் போயிருந்தது. இரண்டு வயர் மாட்டுகிற சின்ன பிளாஸ்டிக் துண்டு, அவ்வளவுதான். புதிதாக வாங்கி மாட்டினேன், நன்றாக ஓடியது. ஒன்றரை மாதத்தில் மறுபடியும் போனது, மறுபடியும் மாற்றினேன். மூன்றாவது முறை போனபோது மெஷினை முழுக்க முன்னால் இழுத்து, பின்னால் இருந்த காற்றுக் குழாயைக் கழற்றி, அது சுவருக்குள் திரும்புகிற வளைவுக்குள் கையை விட்டேன். கையோடு வந்தது சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுக் கட்டி. கம்பளிபோல் அடுக்கடுக்காகப் படிந்து, நீராவி பட்டுப் பட்டு இறுகி, அந்த வளைவுக்கு அச்சு எடுத்ததுபோல அதே வடிவத்தில் இருந்தது. நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. 10 சென்டிமீட்டர் அகலக் குழாயில் போக வேண்டிய காற்று முழுவதும் மாதக்கணக்கில் அந்தத் துளை வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. அதை எடுத்த பிறகு மாட்டிய ஃபியூஸ் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

அந்த மூன்று ஃபியூஸும் கெட்டுப்போன பொருள்கள் என்று அதற்கப்புறம் எனக்குத் தோன்றவே இல்லை. உள்ளே சூடு எல்லை மீறியது, அவை தம்மை அறுத்துக்கொண்டு மெஷினைக் காப்பாற்றின. டிரையரில் எரிந்துபோன பொருளைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அது ஏன் எரிந்தது என்பது மீதிப் பாதி, அதற்கான விடை பல நேரங்களில் காற்றுப் பாதையில்தான் இருக்கும்.

ஏன் காற்று என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், துணியைக் காயவைப்பது சூடு என்று நாம் நினைக்கிறோம், ஆனால் ஈரத்தை வெளியே எடுத்துச் செல்வது காற்று. 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை 60 டிகிரிக்குச் சூடாக்கினால் சுமார் 130 கிராம் வரை தாங்கும். ஹீட்டரின் வேலை காற்றின் வயிற்றைப் பெரிதாக்குவது. ஆனால் வயிறு நிறைந்த காற்று வெளியே போனால்தான் அடுத்த காற்று உள்ளே வரும். வெளியே போகும் வழி அடைபட்டால் டிரம்முக்குள் சூடும் இருக்கும், ஈரமும் இருக்கும், துணி மட்டும் காயாது. அடைமழைக் காலத்தில் சன்னல் சாத்திய அறையில் கொடி கட்டிக் காயப்போட்ட மாதிரிதான்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருந்தால் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.65 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும், இதில் எந்த டிரையரும் தள்ளுபடி தர முடியாது. 5 கிலோ பருத்தித் துணியை வாஷிங் மெஷின் நிமிடத்துக்கு 1,400 சுற்றில் பிழிந்தால் துணியில் சுமார் இரண்டரை லிட்டர் தண்ணீர் மிச்சம் இருக்கும். 800 சுற்றில் பிழிந்தால் மூன்றரை லிட்டர். அந்த ஒரு லிட்டர் வித்தியாசத்துக்கு 2,500 வாட் ஹீட்டர் உள்ள டிரையர் குறைந்தது கால் மணி நேரம் கூடுதலாக ஓட வேண்டும். அதனால் "முன்பெல்லாம் சீக்கிரம் காயும், இப்போது நேரமாகிறது" என்று யாராவது சொன்னால், டிரையரைத் தொடும் முன் வாஷிங் மெஷினிலிருந்து வெளியே வரும் துணியைக் கையால் முறுக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் பழுது பக்கத்து மெஷினில் இருக்கிறது. பம்ப்பில் ஏதாவது சிக்கி வடிகால் சரியாக நடக்காமலோ, துணி ஒரே பக்கம் சுருண்டுகொண்டதாலோ அது முழு வேகத்தில் சுற்றாமல் விட்டிருக்கும்.

சரி, துணி நன்றாகப் பிழிந்துதான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. மெஷின் உயிரே இல்லாமல் கிடந்தால் அதே சாக்கெட்டில் வேறு ஒரு பொருளை மாட்டிப் பாருங்கள், பிரேக்கரை ஒருமுறை முழுவதும் அணைத்துப் போடுங்கள். கதவு முழுதாகச் சாத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். கதவு ஸ்விட்ச் "டிக்" என்று சத்தம் தராவிட்டால் மெஷின் ஓடாது, உடைந்துபோன ஒரு பிளாஸ்டிக் நாக்குதான் சில சமயம் மொத்தப் பிரச்சினையும். சூடில்லாமல் காற்று மட்டும் ஊதும் அமைப்பு ஒன்று பல மெஷின்களில் உண்டு, யாரோ திருகியதில் அது தேர்வாகியிருக்கலாம். குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் பொத்தான்கள் அசையாது. இதெல்லாம் சின்ன விஷயம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அப்புறம் ஃபில்டர். லிண்ட் என்கிற பஞ்சுப்பிசிறு சேரும் அந்த வலையை ஒவ்வொரு முறையும் சுத்தம் செய்கிறவர்கள்கூட ஒன்றைக் கவனிப்பதில்லை. துணி மென்மையாக இருப்பதற்காகப் போடும் வாசனைத் தாள்கள், மெழுகுபோல ஒரு படலத்தை வலையின் கண்களில் விட்டுவிட்டுப் போகின்றன. கண்ணுக்கு வலை பளிச்சென்று சுத்தமாகத் தெரியும். அதைக் குழாயடியில் பிடித்துத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். தண்ணீர் மறுபக்கம் உடனே கொட்டினால் சரி. வலையின் மேல் குளம்போலத் தேங்கி நின்றால் காற்றும் அப்படித்தான் தேங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பாத்திரம் கழுவும் சோப்பும் மெல்லிய பிரஷும் போதும், ஆனால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும்.

ஈரக் காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளும் வகை டிரையர் என்றால் அடுத்து அந்தக் குழாய். மெஷினை ஓடவிட்டு, வெளிச்சுவரில் காற்று வரும் இடத்துக்குப் போங்கள். மூடி நன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், காற்று கையில் வேகமாக மோத வேண்டும். மூடி சோம்பலாக அரைகுறையாகத் திறந்து ஆடினால் வழியில் அடைப்பு இருக்கிறது. உறுதி செய்ய ஒரு வழி: மின்சார டிரையராக இருந்தால், குழாயை மெஷினிலிருந்து கழற்றிவிட்டு, சன்னலைத் திறந்துவைத்து, ஈரத் துணியோடு ஒரே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். அறைக்குள் ஈரக் காற்றும் கொஞ்சம் பஞ்சும் பறக்கும், பரவாயில்லை. துணி பழையபடி சீக்கிரம் காய்ந்துவிட்டால் மெஷின் நன்றாக இருக்கிறது, பழுது குழாயில். கேஸ் டிரையரில் மட்டும் இதைச் செய்யவே கூடாது, எரிந்த வாயு வீட்டுக்குள் வரும், கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுத்துவிடும்.

குழாய் எப்படி இருக்கிறது என்பதும் முக்கியம். உள்பக்கம் வழவழப்பான உலோகக் குழாய்தான் நல்லது. சுருக்கு விழுந்த பிளாஸ்டிக் குழாயோ மெல்லிய ஃபாயில் குழாயோ இருந்தால் ஒவ்வொரு சுருக்கும் பஞ்சைப் பிடித்துவைக்கிற அலமாரி, தீப்பிடித்தால் தடுக்கவும் முடியாது. மெஷினைச் சுவரோடு ஒட்டத் தள்ளும்போது குழாய் மடிந்து நசுங்குவதும் அடிக்கடி நடக்கிறது, வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. இணைப்புகளை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்க்ரூவால் இறுக்கக் கூடாது, வெளி வாயிலில் கொசுவலை கட்டக் கூடாது, இரண்டிலும் பஞ்சு மாட்டும். ஒவ்வொரு செங்கோண வளைவும் காற்றுக்குப் பல அடி நேர்க்குழாயின் சுமையைத் தருகிறது, அதனால் இரண்டு வளைவில் போகிற வழியை நாலு வளைவில் கொண்டுபோகாதீர்கள். இதைப் பராமரிப்பு அறிவுரை என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான காலத்தை ஆராய்ந்து, அங்கே வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடப்பதாகவும், முதன்மையான காரணம் சுத்தம் செய்யாமல் விட்டதே என்றும் சொன்னது. பஞ்சு எவ்வளவு வேகமாகப் பற்றும் என்று ஒரு முறை பார்த்தவர்கள் அதை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சூடு வரவில்லை என்றால்தான் திறக்க வேண்டும். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவி, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கேஸ் டிரையர் என்றால் வால்வையும் மூட வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே வெட்டிய தகட்டின் ஓரங்கள் கத்திபோல இருக்கும். ஒவ்வொரு வயரைக் கழற்றும் முன்னும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்பிக் கழற்றினால் மாட்டும்போது இரண்டு நீல வயர் ஒரே மாதிரி சிரிக்கும். திறந்ததும் உள்ளே சேர்ந்திருக்கும் பஞ்சை வேக்குவம் கிளீனரால் முழுக்க எடுங்கள், குறிப்பாக ஹீட்டரைச் சுற்றியும் மோட்டாருக்கு அடியிலும்.

மல்டிமீட்டரை ஓம் அளவுக்கு வைத்து, அளக்கப் போகும் பொருளிலிருந்து ஒரு வயரையாவது கழற்றிய பிறகே முனைகளை வைக்க வேண்டும். கழற்றாமல் அளந்தால் மின்சாரம் வேறு வழியாகச் சுற்றி வந்து தப்பான கணக்கைக் காட்டும். தெர்மல் ஃபியூஸ் நன்றாக இருந்தால் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும், போயிருந்தால் எதுவும் காட்டாது. இது காற்று வெளியேறும் பாதையில், பெரும்பாலும் ஃபேன் கூண்டின் மேல் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஒரு வகை சுமார் 91 டிகிரியில் அறுந்துவிடும், அறுந்தால் அறுந்ததுதான், மீண்டும் சேராது. சில மெஷின்களில் இது அறுந்தால் சூடு மட்டும் நிற்கும், சிலவற்றில் மோட்டாரே ஓடாது. ஹீட்டர் பக்கத்தில் இன்னொரு காவல் உண்டு, அது எல்லை மீறும்போது துண்டித்து, ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளும் தெர்மோஸ்டாட். காற்று அடைபட்ட டிரையரில் ஹீட்டர் முழுநேரமும் எரியாமல் இதுதான் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கும். துணி மூன்று மணி நேரம் எடுப்பதற்கு அதுதான் காரணம். சில மெஷின்களில் கையால் அழுத்தி மீட்டமைக்கும் சிவப்புப் பொத்தான் பின்புறம் இருக்கும், அதை அழுத்தியதும் ஓடிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எண்ண வேண்டாம், அது ஏன் விழுந்தது என்று தேடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஃபியூஸின் இரண்டு வயரையும் நேராக முறுக்கி இணைத்துவிட்டு மெஷினை ஓட்டாதீர்கள். "புது ஃபியூஸ் வரும் வரைக்கும்தானே" என்று சொல்லித்தான் எல்லோரும் செய்கிறார்கள். அந்த இடைவெளியில், பஞ்சு நிறைந்த ஒரு பெட்டிக்குள் ஹீட்டரைத் தடுக்க இருந்த கடைசிக் கையை நீங்கள் கட்டிப்போட்டுவிட்டீர்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் ஹீட்டர் எலிமென்டை, அதாவது சூடாகும் கம்பிச் சுருளை, அளக்க வேண்டும். எவ்வளவு ஓம் வர வேண்டும் என்பது எளிய கணக்கு: வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் போதும். 230 வோல்ட்டில் 2,500 வாட் என்றால் சுமார் 21 ஓம், 240 வோல்ட்டில் 5,400 வாட் என்றால் 10 அல்லது 11 ஓம். எதுவும் காட்டாவிட்டால் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது. பல சமயம் கண்ணாலேயே தெரியும், சுருளில் ஓரிடம் வெளுத்து, மெலிந்து, முனை உருகிச் சின்ன மணிபோல நிற்கும். பிறகு எலிமென்டின் ஒரு முனைக்கும் அதன் உலோகக் கூண்டுக்கும் நடுவே அளங்கள். அங்கே எதுவும் காட்டக் கூடாது. காட்டினால் சுருள் தொய்ந்து கூண்டைத் தொடுகிறது. மெஷினை ஓட்டியதும் பிரேக்கர் விழுவதற்கு இது ஒரு காரணம். இன்னும் மோசமாக, தெர்மோஸ்டாட் துண்டித்தாலும் சுருளின் ஒரு பகுதி கூண்டு வழியாகச் சூடாகிக்கொண்டே இருக்கும் நிலையும் சில மின் அமைப்புகளில் வரலாம். துணி கருகும் அளவுக்குச் சூடாகிறது என்று யாராவது சொன்னால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், அடுத்து கன்ட்ரோல் போர்டில் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ஸ்விட்சான ரிலே ஒட்டிக்கொண்டு விடாமல் இருக்கிறதா என்று.

எலிமென்டும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சூடில்லை என்றால்? வட அமெரிக்காவில் மின்சார டிரையருக்கு 240 வோல்ட் இரண்டு 120 வோல்ட் கம்பிகளாக வருகிறது. மோட்டார் அவற்றில் ஒன்றை மட்டும் வைத்து ஓடிவிடும், ஹீட்டருக்கு இரண்டும் வேண்டும். அதனால் ஒரு பக்க பிரேக்கர் மட்டும் விழுந்திருந்தால் டிரம் அழகாகச் சுற்றும், சூடு துளியும் வராது, ஆளும் பாதி மெஷினைப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் பிரேக்கர் பெட்டியைத் திறப்பார். இன்னொரு இடம் மோட்டாரின் உள்ளே இருக்கிறது. மோட்டார் வேகம் எடுத்த பிறகே ஹீட்டருக்கு மின்சாரம் விடும் ஸ்விட்ச் ஒன்று பல மெஷின்களில் மோட்டாரோடு சேர்ந்தே வரும். காற்று ஓடாமல் ஹீட்டர் எரியக் கூடாது என்பதற்காக வைத்த நல்ல ஏற்பாடு அது. அதன் முனைகள் தேய்ந்தால் மோட்டார் ஓடும், ஹீட்டர் எரியாது. கேஸ் டிரையரில் பார்க்க வேண்டியது வேறு. பற்றவைக்கும் இக்னைட்டர் சிவப்பாகச் சூடாகி, பிறகு தீப்பிழம்பு வராமலேயே அணைந்துவிட்டால் கேஸ் வால்வைத் திறக்கும் மின்சுருள்களான காயில்கள் பலவீனமாகியிருக்கின்றன. முதல் முறை எரிந்து, மெஷின் சூடான பிறகு மறுபடி எரியாமல் போவதும் அதே காயில்களின் வேலைதான். இக்னைட்டர் சிவக்கவே இல்லை என்றால் அதையோ தீ சென்சாரையோ பாருங்கள். கேஸ் வாடை வந்தால் அதோடு நிறுத்திவிட்டு, சன்னலைத் திறந்து, வெளியே வந்து ஆளைக் கூப்பிடுங்கள்.

சூடு வருகிறது, காற்றும் வருகிறது, ஆனால் மெஷின் நேரத்துக்கு முன்பே நின்றுவிடுகிறது அல்லது நிற்கவே மாட்டேன் என்கிறது, இது வேறு வகைப் பழுது. புதிய மெஷின்களில் டிரம்முக்குள் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு உலோகப் பட்டைகள் தெரியும். ஈரத் துணி இரண்டையும் ஒன்றாகத் தொடும்போது சிறிது மின்சாரம் கடக்கும், துணி காயக் காயக் கடப்பது குறையும், அதை வைத்துத்தான் மெஷின் முடிவு செய்கிறது. நான் சொன்ன அதே மெழுகுப் படலம் இந்தப் பட்டைகளிலும் படிந்தால் துணி தொட்டாலும் மெஷினுக்குத் தெரியாது, காய்ந்துவிட்டது என்று எண்ணி நின்றுவிடும். பஞ்சில் கொஞ்சம் ஆல்கஹால் நனைத்து அழுத்தித் துடைத்தால் போதும், ஒரு பொருளும் மாற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு சட்டையைப் போட்டாலும் இதே தொல்லை வரும், அது பட்டைகளைத் தொடுவதே அபூர்வம்.

பழைய திருகு டைமர் மெஷின்களில் இது இன்னும் சுவாரசியமாக நடக்கும். அவற்றில் தானியங்கி அமைப்பில் டைமர் எப்போதும் நகராது, தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்கிற நேரத்தில்தான் ஹீட்டர் சுருள் வழியாக டைமர் மோட்டாருக்கு மின்சாரம் கிடைத்து முள் முன்னேறும். துணி ஈரமாக இருக்கும் வரை காற்று சீக்கிரம் சூடாகாது, ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும், டைமர் நிற்கும். காயக் காய ஹீட்டர் அடிக்கடி அணையும், டைமர் வேகமாக நகரும். எவ்வளவு எளிமையான யோசனை பாருங்கள், ஒரு சென்சார்கூட இல்லை. இப்போது ஹீட்டர் சுருள் அறுந்துவிட்டால் டைமருக்கு மின்சாரம் வரும் வழியே இல்லை, முள் ஓரிடத்தில் நின்றுவிட மெஷின் விடிய விடிய ஓடும். ஆள் டைமர் கெட்டுவிட்டது என்று புது டைமர் வாங்குவார். குழாய் அடைபட்டால் நேர்மாறாக நடக்கும். சூடு உள்ளேயே தங்கி ஹீட்டர் அடிக்கடி அணைய, டைமர் ஓடிப்போய் முடித்துவிடும், துணி ஈரமாகவே இருக்கும். இங்கேயும் டைமர்தான் பழி சுமக்கும்.

டிரம் சுற்றாத பழுதுக்கு வருவோம். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, டிரம் அசையவில்லை, கையால் சுற்றினால் தடையே இல்லாமல் லேசாகச் சுற்றுகிறது என்றால் பெல்ட் அறுந்திருக்கிறது. சில மெஷின்களில் பெல்ட் அறுந்ததும் ஒரு ஸ்விட்ச் மோட்டாரையே நிறுத்திவிடும். பெல்ட் மாற்றும்போது அதை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரத்தையும் விரலால் சுற்றிப் பாருங்கள், கரகரவென்று இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் புது பெல்ட்டையும் அது தின்றுவிடும். மோட்டார் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு ஓடாமல் நின்றால், டிரம்மைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள், எங்கேயும் துணி சிக்கி இறுகவில்லை என்றால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் பலவீனமாகியிருக்க வாய்ப்பு அதிகம், கெப்பாசிட்டர் வைத்த மெஷின்களில். அதில் மின்சாரம் தேங்கியிருக்கும், முனைகளை வெறுங்கையால் தொடாதீர்கள்.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். டிரம்மின் சுற்றோடு சேர்ந்து "தொம் தொம்" என்று வந்தால் டிரம்மைத் தாங்கும் ரோலரில் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருக்கும். பல நாள் ஓடாமல் நின்ற மெஷினில் இது முதல் சில நிமிடம் வந்து பிறகு அடங்கினால் கவலைப்பட வேண்டாம், நின்ற இடத்தில் ரப்பர் அழுந்தியிருந்தது அவ்வளவுதான். கீச்சென்று ஓயாமல் கத்தினால் பெல்ட்டை இழுக்கும் சக்கரம். தகரத்தைத் தகரத்தால் தேய்ப்பதுபோலக் கேட்டால் டிரம்மின் ஓரத்தில் இருக்கும் ஃபெல்ட்டோ, முன்பக்கத்தில் டிரம் வழுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் துண்டுகளோ தேய்ந்துவிட்டன, இதைத் தள்ளிப்போடாதீர்கள், டிரம்மின் விளிம்பே அறுந்துவிடும், இடைவெளியில் துணியும் மாட்டும். கலகலவென்று ஒழுங்கில்லாமல் சத்தம் வந்தால் ஃபேன் கூண்டுக்குள் நாணயமோ பொத்தானோ விழுந்திருக்கும். சத்தம் வருகிறது என்று ரோலர் அச்சில் எண்ணெய் விடும் பழக்கம் பலருக்கு உண்டு. வேண்டாம், அந்தச் சூட்டில் எண்ணெய் பஞ்சைப் பிடித்து வைக்கும், சில நாளில் முன்பைவிட மோசமாகக் கத்தும்.

குழாய் இல்லாத கண்டென்சர் வகையிலும் ஹீட் பம்ப் வகையிலும் காற்று வெளியே போவதில்லை, உள்ளேயே சுற்றி, குளிர்ந்த இடத்தில் ஈரத்தைத் தண்ணீராக இறக்கிவிட்டுத் திரும்புகிறது. அதனால் பஞ்சு தேங்கும் இடமும் அந்தக் குளிர்ந்த இடம்தான். அந்த இடமான கண்டென்சரைப் பலவற்றில் கீழே இருந்து பெட்டிபோல உருவி எடுத்துக் கழுவலாம், எடுத்துப் பாருங்கள், தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். ஹீட் பம்ப் வகையில் தகடுகள் மெஷினுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும், மெல்லிய பிரஷால் தகடுகளின் போக்கிலேயே மெதுவாகத் துடைக்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் மடிந்துவிடும். இறங்கிய தண்ணீர் சேரும் தொட்டி காலியாக இருக்கும்போதே "தொட்டி நிறைந்தது" என்று மெஷின் சொன்னால், அடியில் தண்ணீர் சேரும் குழியில் மிதவை பஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது பம்ப் அடைத்திருக்கிறது. இந்த இரண்டு வகைக்குமே சுற்றிலும் காற்று வேண்டும், சின்ன அலமாரிக்குள் அடைத்துவைத்தால் புது மெஷினும் திணறும். ஹீட் பம்ப் டிரையர் சாதாரண டிரையரைவிடக் குறைந்த சூட்டில், சுமார் பாதி மின்சாரத்தில் ஓடுகிறது, அதனால் நேரம் கூடுதலாக எடுப்பதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். கம்ப்ரஸரும் அதன் செம்புக் குழாய்களும் வீட்டில் தொடக்கூடியவை அல்ல. பல மெஷின்களில் உள்ளே இருப்பது புரொப்பேன், எரியும் வாயு. அந்தப் பகுதிக்குப் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும்.

பழுதே இல்லாத மெஷினையும் பழுதாக்கும் ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்துக்கு ஓட்டத்தின் நடுவே நிறுத்திவிட்டுத் துணியை அள்ளிக்கொண்டு போகிறோம். அப்போது ஃபேன் நின்றுவிடும், ஹீட்டர் ஆறியிருக்காது, அந்தச் சூடு போக வழியில்லாமல் மேலே ஏறித் தெர்மல் ஃபியூஸை அறுத்துவிடலாம். கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் வெறும் காற்று ஓடுவது அதற்காகத்தான், துணி ஆறுவதற்கும்கூட. சமையல் எண்ணெய் ஊறிய துணிகளுக்கு இது இன்னும் முக்கியம். துவைத்தாலும் எண்ணெய் முழுக்கப் போகாது, சூடாக மடித்து அடுக்கிவைத்தால் எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து, சூடு உள்ளேயே சேர்ந்து, மணிக்கணக்கு கழித்துத் தானாகத் தீப்பற்றலாம். அப்படிப்பட்ட துணியைக் கொடியில் காயப்போடுவதே சரி.

எல்லாம் மாட்டி முடித்ததும் மெஷினைச் சுவரோடு தள்ளும் முன்பே ஒருமுறை ஓட்டுங்கள், குழாய் நசுங்காமல் நிற்கிறதா என்று பின்னால் எட்டிப் பாருங்கள். பிறகு எப்போதும் பயன்படுத்தும் துண்டுகள் நாலைந்தை ஒரே வேகத்தில் பிழிந்து போட்டு, முழுதாகக் காய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அந்த எண்ணையும் தேதியையும் மெஷினின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிவையுங்கள். எங்கள் மெஷினில் 48 என்று எழுதியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே துண்டுகளைப் போட்டுப் பார்ப்பேன். பத்து நிமிடம் கூடினால் மல்டிமீட்டரைத் தேடுவதில்லை, நேராகக் குழாயைக் கழற்றிவிடுவேன்.